பஞ்சாபகேசன் பார்க்கிற பத்து

கரமனையில் எங்கள் தெருவில் பஞ்சாபகேசனை மிஞ்சிப் பத்துப் பார்க்கிறவர் கிடையாது. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சோற்றுப் பாத்திரத்தைத் தொட்ட கையால் தயிரையோ நெய்யையோ தொடக்கூடாது. சோறு பத்து. தொட்டுவிட்டால் கையில் தண்ணீர் பட வேண்டும், பட்டால் பத்து போய்விடும். இதற்காகவே பஞ்சாபகேசன் பக்கத்தில் ஒரு சின்ன வெண்கலக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருப்பார். மூன்று விரல் நுனியை அதில் தொட்டு எடுப்பார். அவருக்கு அது போதும். அவர் மனைவி பத்மப்ரியா அப்படி நனைத்தால் போதாது. அவள் பரிமாற வந்தால், "கையைக் காமி" என்பார். அவள் இரண்டு கையையும் நீட்டுவாள். ஈரம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தட்டை நகர்த்துவார்.

எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். கேட்க விரும்பாவிட்டாலும் எல்லாம் கேட்கும்.

பஞ்சாபகேசனுக்கு ஐம்பத்துமூன்று வயது. சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் ஹெட் கிளார்க். பத்தொன்பது பெண்களைப் பார்த்து வேண்டாம் என்று சொன்னவர். அதில் ஒரு பெண்ணை, காபி கொண்டு வரும்போது கையைப் புடவையில் துடைத்தாள் என்பதற்காகவே வேண்டாம் என்றார். நாற்பத்தைந்தாவது வயதில் பத்மப்ரியா கிடைத்தாள். அவள் கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்த்துக்கொண்டிருந்தாள். காண்டீனில் கண்டவர்கள் தொட்ட பாத்திரத்தில் சாப்பிட்டுவிட்டு வந்து அடுக்களைக்குள் நுழைவதா என்று ஒரே வருஷத்தில் அந்த வேலையை விட வைத்தார். இவரைத்தான் தெரு "நிஷ்டையான மனுஷன்" என்கிறது.

இவர்களுக்கு ஒரே பிள்ளை, வினய். வயது ஆறு. அவனுக்கு வெள்ளையாக இருக்கிற சாப்பாடுதான் இறங்கும். இட்லி, தயிர்சாதம், பால், பால் பிஸ்கட். தயிர்சாதத்தில் ஒரு கடுகு தெரிந்தால் போதும், "புள்ளி இருக்கு" என்று தட்டைத் தள்ளிவிடுவான். பத்மப்ரியா கடுகு கறிவேப்பிலை எதுவும் இல்லாமல் பிசைந்து கொடுப்பாள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அவன் முழங்கையிலும் முழங்காலுக்குப் பின்னாலும் தோல் வெடித்துச் சீழ் பிடிக்கிற வரைக்கும். மார்ச் மாதம் ஒருநாள் உதடு வீங்கி, மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

குழந்தைகள் டாக்டர் ஷீஜா நான்கு சாமான்களை நிறுத்தச் சொன்னார்: பால், கோதுமை, நிலக்கடலை, முந்திரி. ஆறு வாரம் இவை எதுவும் உள்ளே போகக்கூடாது. அப்புறம் ஒவ்வொன்றாக டாக்டர் முன்னால் கொடுத்துப் பார்த்தால் எது ஆகவில்லை என்று தெரிந்துவிடும். தெரியாமல் விட்டால் அடுத்த வீக்கம் தொண்டையில் வரலாம். "ஒரு துள்ளி பாடில்ல, கேட்டோ" என்றார் மலையாளத்தில், ஒரு துளிகூடக் கூடாதாம். ஒரு துளி பட்டால் திரும்ப ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

அவன் சாப்பிடுகிற நாலில் மூன்று போய்விட்டது. மிச்சம் இட்லி மட்டும்.

முதல் நான்கு நாள் அவன் வெறும் இட்லி தின்றான். பத்மப்ரியா தேங்காய்ப்பால் பிழிந்து, எலுமிச்சம்பழம் விட்டு, குழைந்த சோற்றில் கலந்து வைத்தாள். தேங்காய்த் திப்பி ஒன்று கண்ணில் பட்டது. "புள்ளி இருக்கு." பழைய வேஷ்டித் துணியில் இரண்டு தடவை வடிகட்டினாள். "இது தயிர் இல்லே, சட்னி" என்றான். அவள் கெஞ்சவில்லை, மிரட்டவும் இல்லை. தட்டின் ஓரத்தில் ஒரே ஒரு ஸ்பூன் வைத்து, "நீ திங்க வேண்டாம். அது வெறுதே அங்கே இருக்கட்டும்" என்றாள். ஐந்தாம் நாள் விரலால் தொட்டுப் பார்த்தான். ஏழாம் நாள் நக்கினான். ஒன்பதாம் நாள் இன்னொரு ஸ்பூன் கேட்டான். அந்தச் சோற்றில் ஒரு சிட்டிகை போட எடுத்த கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு இருக்கிறது என்று டப்பாவைத் திருப்பிப் படித்துக் கண்டுபிடித்தவளும் அவள்தான். பஞ்சாபகேசன் இதற்கெல்லாம் சிரித்தார். "பெருங்காயத்திலே கோதம்பாமாம். பின்னே உப்பிலே என்ன இருக்கு, புண்ணாக்கா?"

பதினோராம் நாள் காலையில் வினயின் கழுத்தெல்லாம் தடித்திருந்தது. நல்லெண்ணெய் வாசனை பிடிக்காமல், இட்லித் தட்டில் பஞ்சாபகேசனே நெய்யைத் தடவியிருந்தார்.

"நெய்யின்னா, பால்தானே அது?"

"நெய் பாலாடீ? அக்னி பட்டதும்மா அது. அக்னிக்கு மேலே ஒரு சுத்தி உண்டா?"

"டாக்டர் சொன்னாளே."

"டாக்டருக்கு நெய்யைப் பத்தி என்ன தெரியும்? அவா ஆத்துலே எல்லாத்துக்கும் வெளிச்செண்ணெய், தேங்காயெண்ணெய்தானே!"

நெய் பாத்திரத்தைப் பூட்டி வைக்கவில்லை என்று கடைசியில் குற்றம் பத்மப்ரியா மேலேயே வந்து விழுந்தது. ஒன்றிலிருந்து எண்ணினாள்.

இரண்டாவது தடவை பத்தொன்பது நாள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் வெண்ணெய் எடுப்பது பஞ்சாபகேசனின் உரிமை. வேறு யார் கையும் அவருக்கு நம்பிக்கை இல்லை. வெண்ணெயை உருட்டி வைத்துவிட்டு, வெண்கலக் கிண்ணத்தில் மூன்று விரலை நனைத்தார். நேராக வந்து, இட்லியைப் பிட்டுப் பிள்ளை வாயில் வைத்தார். அரை மணி நேரத்தில் மேலுதடு பிதுங்கிக்கொண்டு வந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த மருந்தைக் கொடுத்ததில் அதோடு நின்றது.

"கை அலம்பிண்டேனே!" என்று அவர் கத்தியது தெருக்கோடி வரை கேட்டது.

பத்மப்ரியா வெண்ணெய்ப் பாத்திரத்தை எடுத்தாள். கொஞ்சம் வெண்ணெயைத் தன் விரலில் தேய்த்தாள். அவர் செய்கிற மாதிரியே கிண்ணத்தில் மூன்று விரலை நனைத்தாள். அவருடைய போனை எடுத்துக் கறுப்பு ஸ்க்ரீனில் அழுத்தினாள். மூன்று வெள்ளை ரேகை, வரிவரியாக. கத்தலைக் கேட்டு ஓடி வந்த நானும் என் அம்மாவும் அப்போது அங்கே நின்றிருந்தோம். பஞ்சாபகேசன் போனை வேஷ்டியில் துடைத்தார். "இதெல்லாம் சாஸ்திரம். பரிசோதனை பண்றது இல்லே" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் ஃபைலைத் திறந்துகொண்டு உட்கார்ந்தார். பிள்ளையின் உதட்டைக் கிட்டே போய்ப் பார்க்கக்கூட இல்லை.

அவரைத் திருத்த முடியாது என்று அன்றைக்கு அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். அவள் வினயை மடியில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"கண்ணா, அப்பாவுக்குச் சோறு பத்து இல்லையா? உனக்குப் பால் பத்து."

"தயிரும் பத்தா?"

"தயிர், மோர், வெண்ணெய், நெய், எல்லாம் பத்து. தொட்ட கை உன் தட்டுலே பட்டா உதடு வீங்கும்."

"தண்ணி தொட்டாப் போகுமா?"

"இந்தப் பத்து தண்ணிக்குப் போகாது. சோப்புப் போட்டாத்தான் போகும்."

கடுகுக்கே தட்டைத் தள்ளுகிறவனுக்கு இது விளையாட்டு மாதிரி பிடித்துப்போயிற்று. யார் எது கொடுத்தாலும் முதலில் கையை மோந்து பார்ப்பான். சோப்பு வாசனை வந்தால்தான் வாய் திறக்கும். என் கையையும் இரண்டு தடவை திருப்பி அனுப்பியிருக்கிறான்.

மூன்றாவது எண்ணிக்கையில் முப்பத்தெட்டாம் நாள், பஞ்சாபகேசனின் தம்பி ஹரிஷங்கர் கழக்கூட்டத்தில் வாங்கிய ஃபிளாட்டுக்குக் கிரகப்பிரவேசம். தெருவில் பாதிப் பேர் போயிருந்தோம். பந்தியில் பஞ்சாபகேசன்தான் பால்பாயசம் பரிமாறினார். பத்து தெரிந்தவர் வேறு யார் இருக்கிறார்கள்? கரண்டியிலிருந்து வழிந்து விரலெல்லாம் பிசுபிசுவென்று இருந்தது. வரிசை முடிவில் வினய் இலையில் பத்மப்ரியா வீட்டிலிருந்து கொண்டு வந்த இட்லி இருந்தது. ஹரிஷங்கரின் மாமியார், "கொழந்தை என்ன இப்படி மெலிஞ்சு கெடக்கு? பாவம், வெறும் இட்லியா?" என்றாள். பஞ்சாபகேசனுக்குக் கௌரவக் குறைச்சலாகிவிட்டது. பாயசப் பாத்திரத்தை வைத்தார். பக்கத்தில் இருந்த தம்ளர் தண்ணீரில் மூன்று விரலை நனைத்தார். குனிந்து இட்லியைப் பிட்டார்.

"அப்பா ஊட்டறேண்டா செல்லம். ஆ காமி."

பத்மப்ரியா நாலு இலை தள்ளி உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கப் போனவள் பாதியிலேயே நிறுத்திக்கொண்டாள். ஏனென்றால் வினய் அந்தக் கையின் மணிக்கட்டைப் பிடித்து விரலை மோந்துகொண்டிருந்தான்.

"பத்து" என்றான்.

"என்னடா?"

"அப்பா கை பத்து. சோப்புப் போடலே."

"தண்ணி தொட்டேண்டா. திற வாயை."

வினய் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டான். பஞ்சாபகேசன் இடது கையால் கன்னத்தைப் பிடித்து அழுத்தினார். அவன் தலையைத் திருப்பி, பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான்: "அம்மே, அப்பாவுக்குப் பத்தே தெரியலே!"

முதலில் சிரித்தது ஹரிஷங்கர். அப்புறம் யாரும் அடக்கவில்லை. "பஞ்சு அண்ணாவுக்கே பத்துப் பார்த்துட்டானே பொடியன்!" என்று யாரோ சொன்னார். பத்மப்ரியா சிரிக்கவில்லை. வந்து, அவர் பிட்ட இட்லியோடு இலையை மடித்து எடுத்தாள். வேறு இலை போட்டு, டப்பாவிலிருந்து வேறு இட்லி வைத்தாள். அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பஞ்சாபகேசன் வாஷ்பேசினுக்குப் போனார். பத்தொன்பது பெண்களிடம் குற்றம் கண்டுபிடித்தவர், தம்பி வீட்டுப் புதுச் சோப்பை உறை பிரித்து, முழங்கை வரைக்கும் தேய்த்தார். பிள்ளைக்காகத் தேய்த்தார் என்று நான் நம்பவில்லை. பின்னால் கைகழுவ இருபது பேர் வரிசையில் நின்றிருந்தார்கள்.

நாற்பத்திரண்டு நாள் முடிந்தது. வினயின் முழங்கை வழுவழுவென்று ஆகியிருந்தது. டாக்டர் முதலில் கோதுமை கொடுத்துப் பார்க்கச் சொன்னார், ஒன்றும் இல்லை. கடலையும் முந்திரியும்கூட ஒன்றும் செய்யவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் வைத்து ஒரு ஸ்பூன் பால் கொடுத்தார்கள், கால் மணி நேரத்தில் உதடு தடித்துவிட்டது. பால்தான். இனிமேல் பத்மப்ரியாவுக்கு எதைக் கண்டு பயப்பட வேண்டும் என்று தெரியும். அவனுக்கு இப்போது சப்பாத்தி கிடைக்கிறது. அதில் சுட்ட புள்ளி இருக்கிறது என்று அழுகிறான், அது வேறு விஷயம்.

பஞ்சாபகேசன் தெருவில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறார், "எங்காத்துலே பத்து ரொம்பக் கண்டிஷன். அதனாலேதான் கொழந்தை பிழைச்சான், கேட்டேளா?" கேட்கிறவர்களும் தலையாட்டுகிறார்கள். வெண்கலக் கிண்ணம் இன்னும் அவர் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் தினமும் காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் குரல் கேட்கிறது.

"அப்பா, கையைக் காமி."

ஒவ்வொரு விரலாக மோந்து பார்க்கக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை ஹெட் கிளார்க் பஞ்சாபகேசன் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நிற்கிறார்.