அண்ணியை இறக்கிவிட்ட வண்டி

மகளுக்கு றக்வானைப் பக்கம் ஒரு இடம் பொருந்தி வந்தது. சனிக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. வெள்ளிக்கிழமை பின்னேரம் காரைக் கழுவி, விபூதி பூசி, சாம்பிராணி காட்டினேன். அதற்குப் பிறகுதான் கிளச் மிதி தரையோடு போனது. மிதித்தால் பஞ்சு மாதிரி இருந்தது. கியர் விழவில்லை.

எஞ்சினை மூடியிருக்கும் பொன்னட்டைத் திறந்தேன். கிளச்சுக்கு பிரேக் ஒயில் ஊற்றும் சின்னக் கிண்ணம் காய்ந்து கிடந்தது. குழாயில் காற்று ஏறியிருக்கும். அதை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மிதியை அமுக்கிப் பிடிக்க, அடியில் படுத்திருப்பவர் நட்டைத் திறந்து காற்றை விட்டு மூட வேண்டும்.

மனைவி கோயிலுக்குப் போயிருந்தாள். அடுத்த வீட்டிலிருந்து அண்ணி வந்தார். செத்துப்போன என் அண்ணனின் மனைவி. நானும் மனைவியும் ரப்பர் பால் வெட்டப் போன காலமெல்லாம் என் மகளைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கு அனுப்பியவர். எங்களோடு வருவதற்குச் சேலையும் எடுத்து வைத்திருந்தார்.

"நான் அமுக்கிறேன் தம்பி, நீங்க சொல்லுங்க" என்று டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

"இறங்கிருங்க அண்ணி. நல்ல காரியத்துக்குப் போற வண்டி. தாலி இழந்தவங்க முதல்ல உக்காரக் கூடாது."

அடியில் கிடந்த எனக்கு அவருடைய கால்கள் மட்டும்தான் தெரிந்தன. ஒரு கால் கீழே வந்தது. கொஞ்சம் பொறுத்து மற்றது. செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மகளைக் கூப்பிட்டேன். "பெரியம்மா கால் பட்டா வண்டி ஓடாதாப்பா?" என்றாள்.

"வாயை மூடிக்கிட்டு அமுக்கு."

அமுக்கு, பிடி, விடு என்று நடந்துகொண்டிருக்கும்போதே பிரேக் ஒயில் முடிந்தது. டவுனுக்குப் போகச் சோம்பல். எண்ணெய்க்கு எண்ணெய்தானே என்று வீட்டில் மிச்சமிருந்த எஞ்சின் ஒயிலை ஊற்றினேன். மிதி இறுகியது. முருகனுக்குக் கும்பிடு போட்டேன்.

காலையில் மிதித்தால் மிதி உள்ளே போனது, திரும்பி வரவில்லை. "நேத்து ஏறி உக்காந்தாங்களே, அதுதான்" என்று சத்தமாகவே சொன்னேன். குழாயடியில் குடத்தோடு நின்ற அண்ணிக்குக் கேட்டிருக்கும். தண்ணீர் நிறைந்து வழிந்தும் அவர் குடத்தை எடுக்கவில்லை.

தோட்டத்து லொறி ஓட்டும் சிங்களக்காரர் வந்து கிண்ணத்தில் விரலை விட்டு மோந்து பார்த்தார். "மேக எஞ்சின் ஒயில் நே, மல்லி!" இது எஞ்சின் ஒயில் அல்லவா தம்பி என்று சிரித்தார். அது பட்டு கிளச் பம்புக்குள் இருக்கும் ரப்பர் ஊதிப்போய்விட்டதாம். "ரப்பர் தோட்டத்து ஆளுக்கு ரப்பரைத் தெரியலையே" என்றார். ரப்பர் ஷீட்டில் எண்ணெய் பட்டால் கெட்டுவிடும் என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவனே நான்தான்.

"போய் அண்ணியை ஒரு வார்த்தை கூப்பிடுங்க" என்றாள் மனைவி. போய் வாசலில் நின்றேன்.

"பஸ்ஸில போறோம். வாங்க அண்ணி."

"நீங்க போயிட்டு வாங்க தம்பி. பிள்ளைக்கு நல்லது நடக்கணும். நான் இங்கயே கும்பிட்டுக்கிறேன்."

தப்பு என்னுடையது என்று அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

மாப்பிள்ளை வீட்டில் அவருடைய அம்மா மகளிடம், "சமையல் யாரும்மா பழக்கினது?" என்று கேட்டார்.

"பெரியம்மா. என்னை வளர்த்ததே அவங்கதான்."

"அவங்களைக் கூட்டிட்டு வரலையா?"

"காய்ச்சல்" என்றேன். நெற்றி நிறைய விபூதி, எதிரில் சாமிப் படம்.

மகள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "காய்ச்சல் இல்லீங்க. அப்பா அவங்க மனசை நோகடிச்சிட்டாங்க."

அந்த அம்மா என்னைப் பார்க்கவில்லை. "அப்ப இன்னொரு நாளைக்கு அவங்களையும் கூட்டிக்கிட்டு வாங்க. அதுக்குப் பிறகு பேசுவோம்" என்றார்.

திரும்பி வரும்போது மகள் என் பக்கத்தில் உட்காரவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே அண்ணியிடம் போனேன். ஒயில் விஷயம், பொய் சொன்ன விஷயம் எல்லாம் சொன்னேன். "தப்புப் பண்ணிட்டேன் அண்ணி."

அவர் அடுப்பிலிருந்து சோற்றுப் பானையை இறக்கினார். பிறகு, "காலையில இருந்து சாப்பிட்டிருக்க மாட்டீங்க" என்று தட்டை எடுத்து வைத்தார்.