தைரியநாதன் தராத ரத்தம்

தைரியநாதன் பள்ளத்தூரில் மின்வாரிய லைன்மேன். அப்பா சாராயத்தில் போனார். அண்ணன்கள் இருவரும் பிராந்தியில் போனார்கள். இவர் மட்டும் கல்யாண வீட்டில்கூட கிளாஸைத் தொட்டதில்லை. ஆசை இல்லாமல் இல்லை. வேலை முடிந்து பிராந்திக்கடையைக் கடக்கும்போதெல்லாம் நாக்கு ஊறும். சைக்கிளை எட்டி மிதித்துப் போய்விடுவார். இந்தச் சண்டை வெளியே யாருக்கும் தெரியாது.

தொண்ணூற்றேழில் மதுரையிலிருந்து டாக்டர் அழகுசுந்தரம் வீடு தேடி வந்தார். குடிப்பழக்கம் பரம்பரையாக வருகிறதா என்று ஆராய்கிறவர். கூடவே அக்கா பவுலின்.

"உங்க அக்கா போன மாசமே ரத்தம் குடுத்தாங்க, குடும்பத்தைப் பத்தியும் சொன்னாங்க. குடிக்காத உங்க ரத்தமும் இருந்தா ஒப்பிட்டுப் பார்க்கலாம். உங்களுக்கு அந்த ஜீன் வராம இருந்திருக்கலாம்" என்றார் டாக்டர்.

தைரியநாதனுக்கு முகம் கறுத்துவிட்டது. "அப்ப நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்ததெல்லாம் ஒண்ணுமில்லைங்கிறீக?"

"அப்படிச் சொல்லலைங்க..."

"எங்கப்பா கதைய யாருக்கெல்லாம் சொன்னீக?"

பெயர் போகாது, நம்பர்தான் என்றார் டாக்டர். வெளிநாட்டில் ஆராய்கிறவர்களும் அந்த விவரங்களை எடுத்துப் பார்ப்பார்கள். பலர் சேர்ந்து பார்த்தால்தான் உண்மை பிடிபடும் என்றும் சொன்னார்.

"அதைத் திருப்பி வாங்குங்க."

"இனிமே முடியாதுங்க. பல இடத்துக்குப் போயிருச்சு."

"அவரு ரோட்டுல விழுந்து கெடந்ததை இந்த ஊரு பார்த்தது பத்தாதுன்னு சீமைக்கும் அனுப்பிட்டீகளா? எந்திரிங்க!" டாக்டரின் பையைத் தூக்கி வாசலுக்கு வெளியே வைத்தார்.

பவுலின் நகரவில்லை. "எனக்கு ரெண்டு பயலுக இருக்கானுக, தைரியம். மூத்தவன் மேல இப்பவே சாராய வாடை அடிக்குது. எதனால வருதுன்னு யாராச்சும் கண்டுபிடிக்கட்டுமே."

"உன் ரத்தத்தைக் குடு. அப்பாவைக் குடுக்க நீ யாரு?"

"எனக்கும் அவரு அப்பாதான்டா."

தைரியநாதன் இருவரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

அதோடு விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவர்களை மறித்து, உங்கள் வீட்டு அசிங்கத்தையும் ஊர் ஊராக அனுப்பப் போகிறார்கள் என்று சொன்னார். அடுத்த முறை டாக்டர் மாதா கோயில் மண்டபத்தில் ரத்தம் எடுக்க முகாம் போட்டபோது நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. பவுலின் மட்டும் மகன்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

மண்டபத்துக்கு எதிரே மின்கம்பத்தின் மேல் தைரியநாதன் வேலையாக இருந்தார். அவள் கீழே நின்று அண்ணாந்தாள்.

"எறங்கி வாடா தம்பி. எத்தனை நாளைக்குத்தான் பேசாம இருப்ப?"

அவர் குறடால் கம்பியை முறுக்கிக்கொண்டே, "லைன்ல கரண்டு இருக்கு. அங்குட்டுத் தள்ளிப் போ" என்றார்.

கரண்டை நிறுத்திவிட்டுத்தான் அவர் ஏறியிருந்தார்.