வீடா, கையா?

எந்தச் சாமான் கைக்கு வந்தாலும் முதலில் அதைக் காதருகே தூக்கி ஒரு குலுக்குக் குலுக்குகிறார். உள்ளே திருகு கழன்று உருள்கிறதா, கண்ணாடி நொறுங்கிக் கிடக்கிறதா என்று ஒரு கணம் கேட்கிறார். பிறகு இடது உள்ளங்கையில் வைத்து எடை பார்க்கிறார். அதன் பின் ஒரே ஒரு சொல். "வீடு" என்றால் சாமான் இடப்பக்கக் கூண்டுக்குப் போகும். "கை" என்றால் வலப்பக்கம். ஐந்து நொடிக்கு ஒன்று என்று பெல்ட் கொண்டுவந்து தள்ளிக்கொண்டே இருக்கிறது. அது அவருக்காக நின்றதில்லை, அவரும் அதற்காகப் பதறியதில்லை.

ஊர் வேண்டாமென்று கழித்த மின்சாமான்கள் கடைசியில் வந்து சேரும் கொட்டகை அது. தகரக் கூரை, சிமென்ட் தரை, நடுவே நாற்பதடி நீளத்துக்கு ஓடும் பெல்ட். அதன் முனையில் நிற்கும் இந்த அம்மாளுக்கு வயது ஐம்பத்து மூன்று. முழங்கைவரை கையுறை. இடது கையுறையில் ஆள்காட்டி விரல் நுனியை மட்டும் கத்தரித்துவிட்டிருக்கிறார்.

"சூடு தெரியணும். பேட்டரி உப்பியிருக்கா இல்லையான்னு தெரியணும். ரப்பருக்கு என்ன தெரியும்?"

பாதுகாப்பு ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் மட்டும் அந்த விரலை மடக்கிக்கொள்வாராம்.

கூட வேலை செய்பவர்கள் இவரை ஜட்ஜம்மா என்கிறார்கள். நான் பழுதான பிரிண்டர் ஒன்றை ஒப்படைக்கப் போனவன். அதைக் கீழே வைப்பதற்குள், அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "வீடு. அந்தப் பக்கம் வைங்க" என்றார். தீர்ப்பின் வேகம் பிடித்துப்போய்த்தான் மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன்.

நிலையத்தின் படிவத்தில் 'வீட்டுச் சாதனம்', 'கையடக்கச் சாதனம்' என்று இரண்டு நீளப் பெயர்கள் உண்டு. அவற்றைத்தான் வீடு, கை என்று சுருக்கியிருக்கிறார்கள். சுவரில் செருகி ஓடுவது வீடு. அது நேரே அரவை இயந்திரத்துக்குப் போகும், இரும்புப் பற்கள் கடித்துத் துண்டாக்கும். பேட்டரியில் ஓடுவது கை. அது வலப்பக்க மேசைக்குப் போகும். அங்கே ஆறு பேர் திருப்புளியும் கையுமாக உட்கார்ந்து பேட்டரியைக் கழற்றி எடுத்த பிறகுதான் அதன் கூடு அரவைக்குப் போகலாம். பேட்டரியோடு ஒரு சாமான் அந்தப் பற்களில் சிக்கினால் தீப்பிடிக்கும். அங்கே இருக்கும் சட்டமெல்லாம் இவ்வளவுதான்.

பதினாறு வருடம் இப்படிப் பிரித்துப் பிரித்து, கொட்டகைக்கு வெளியேயும் அந்தப் புத்தி தொற்றிக்கொண்டிருக்கிறது. சொந்தக்காரர்களையும் கூண்டு வாரியாக வைத்திருக்கிறார். "பெரிய நாத்தனார் வீட்டு ரகம். செருகற எடத்துல செருகினாத்தான் வேலை செய்வாங்க. சின்னவ கை ரகம். எங்க கொண்டுபோய் விட்டாலும் பொழைச்சுக்குவா."

அவர் கணவர் பஸ் ஓட்டுகிறார். நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, "என்னை எதுல போட்டிருக்கான்னு முப்பது வருஷமா கேக்கறேன் சார், பதில் இல்ல" என்று என்னிடம் முறையிட்டார்.

"இன்னும் குலுக்கிப் பாத்துட்டுத்தானே இருக்கேன்" என்றார் இவர், வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல்.

இப்படிப்பட்டவருக்கு ஒருநாள் சொல் வராமல் போனது. பெல்ட்டில் புதுவிதமான வீடியோ கேம் கருவி ஒன்று வந்தது. உள்ளங்கை இரண்டையும் சேர்த்து வைத்த அகலம். நடுவில் திரை, இருபுறமும் விரல் வைத்து ஆடும் பிடிகள். கையில் வைத்துக்கொண்டே ஆடலாம். கூடவே ஒரு பிளாஸ்டிக் பெட்டியும் இருந்தது. அதற்குள் கருவியை இறக்கினால் ஆட்டம் டிவிக்குப் போய்விடும். அந்தப் பெட்டிக்கு மேசைக்காரர்கள் அன்றைக்கே தொட்டில் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

குலுக்கினார். எடை பார்த்தார். பெல்ட் அடுத்த சாமானைத் தள்ளியது, அதற்கடுத்ததையும் தள்ளியது. இவர் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் வலப்பக்கம் போட்டார். ஆனால் வாயைத் திறந்து "கை" என்று சொல்லவில்லை. மேசையில் இருந்த ஆறு பேரும் அதைக் கவனித்தார்கள்.

தலைமை அலுவலகம் அனுப்பிய பட்டியல் வேறு விதமாகச் சொன்னது. டிவியில் இணைத்து ஆடும் கேம் கருவி எதுவானாலும் வீடு. அந்தக் கருவி வந்த அட்டைப்பெட்டியிலும், வீட்டில் ஆடும் கருவி, வேண்டுமானால் வெளியே எடுத்துப் போகலாம் என்றுதான் அச்சிட்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் சாப்பிட வந்திருந்தார்கள். மாப்பிள்ளையிடம் அதே கருவி உண்டு.

"மாப்பிள்ளை, இது வீட்டுச் சாமானா, கைச் சாமானா?"

"ரெண்டும்தான் அத்தை. டிவில போட்டா வீடு, ரயில்ல எடுத்துட்டுப் போனா கை."

"ரெண்டும்னா எனக்குக் கூண்டு இல்லையே."

மகள் குறுக்கிட்டாள். "அது வீட்டுச் சாமானும் இல்ல கைச் சாமானும் இல்லம்மா. எனக்குச் சக்களத்தி."

இவர் அதைப் புரட்டிப் பார்த்து, பின்பக்கத் திருகுகளை எண்ணிவிட்டு, "தொறந்து பாத்துட்டுத் தந்துடறேன்" என்றார். மாப்பிள்ளை அதற்குள் அதை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். "அத்தை, வாரண்டி இருக்கு அத்தை." அன்று மாலை அவர்கள் கிளம்பும்வரை அது அந்த மடியைவிட்டு இறங்கவில்லை.

திங்கள் முதல் வந்த கருவிகளையெல்லாம் இவர் வலப்பக்கமே போட்டார். மாதம் ஒருமுறை கூண்டுகளில் இருப்பதைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இரண்டு மாதம் கணக்கு இடித்தது. நிலையத்தின் மேலாளர் முப்பது வயதுக்காரர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். ஒரு காலை பட்டியலை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றார்.

"அக்கா, மேல இருந்து ரெண்டு மாசமா கேக்கறாங்க. நான் என்ன சொல்றதுன்னு தெரியல. லிஸ்ட் படியே போயிடுங்களேன்."

அவர் அதட்டியிருந்தால் மறுத்திருப்பேன் என்று இவர் என்னிடம் சொன்னார். கெஞ்சியதால் மனது கேட்கவில்லை. அடுத்து வந்த கருவியை இடப்பக்கம் போட்டார். அது அரவைக்குள் போய்த் துண்டு துண்டாக வெளியே வந்தது, ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவதற்கும் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவதற்கும் இல்லை.

"நமக்குத்தான் வயசாயிடுச்சு போலன்னு நெனச்சேன்" என்றார். "உள்ள சார்ஜ் செத்துப்போன பேட்டரின்னா சில சமயம் சும்மா போயிடும். அது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் நெனச்சேன்."

நான்காவது, ஒரு வியாழக்கிழமை மதியம் வந்தது. அரவை இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவர் நெட்டையான மனிதர், பற்கள் கடிக்கும் சத்தத்துக்குள்ளேயே எதையாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருப்பவர். முதலில் வெள்ளைப் புகை சீறியது. அவர் நிறுத்தும் கைப்பிடியை நோக்கிக் கையை நீட்டிய அதே நேரத்தில் தீ மேலே வந்தது. கைப்பிடியை விடாமல் இழுத்து இயந்திரத்தை நிறுத்திவிட்டுத்தான் பின்னால் வந்தார். மணலைக் கொட்டி அணைக்கும்போது கொட்டகையில் யார் முகமும் யாருக்கும் தெரியவில்லை. நெட்டையருக்கு மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வெந்துபோயிருந்தது.

மூன்றாம் நாள் இவர் அவருடைய வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தது மனைவி.

"நான்தாம்மா அதை அந்தப் பக்கம் போட்டேன்" என்றார் இவர், வாசலில் நின்றபடியே.

"லிஸ்ட்ல அப்படித்தான் இருந்துச்சுன்னு சொன்னாரே."

"லிஸ்ட்டுக்குக் கை ஏது? போட்டது என் கைதான்."

அந்தப் பெண், "உள்ள வாங்க. முழிச்சுட்டுத்தான் இருக்கார்" என்று கதவை அகலமாகத் திறந்தாளாம். உள்ளே என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "அவரு சாப்பாடு சரியில்லன்னு சொன்னாரு. நான் கேட்டுக்கிட்டேன்" என்றார்.

மறுநாளிலிருந்து எல்லாக் கருவிகளும் வலப்பக்கம் போயின. இந்தமுறை கொட்டகைக்கே கேட்கும்படி "கை" என்றார். மேலாளரிடம் போய், "தம்பி, உங்களுக்கு மேல யாரு இந்த லிஸ்ட்ட எழுதினாங்களோ அவங்கள வரச் சொல்லுங்க. நான் காட்டறேன்" என்றார். மேலாளரும் நல்லவர். தீ பற்றிய அறிக்கையில் அந்த வாக்கியத்தை அப்படியே எழுதி அனுப்பிவிட்டார்.

பட்டியலை எழுதிய வகைப்பாட்டு அதிகாரி வந்த அன்று நான் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். ஜட்ஜம்மாவின் வயதையொத்த அம்மையார். தடித்த கோப்பு, அதில் நிறம் நிறமாக ஒட்டிய சீட்டுகள். யாரையும் மட்டம் தட்டும் ஆள் இல்லை, ஆனால் எழுதியதைச் சும்மா அடிக்கிறவரும் இல்லை.

"தயாரிக்கிறவங்களே வீட்டுக் கருவின்னுதான் சொல்றாங்க" என்றார் அதிகாரி.

"அவங்க விக்கறதுக்குச் சொல்றாங்க மேடம். நான் ஒடைக்கறதுக்குச் சொல்றேன்."

அதிகாரி கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தினார். "சரி, மாத்தினா டிவில ஓடற மத்த கேம் மெஷின்லாம் என்ன ஆகும்? அதுல பேட்டரியே கிடையாது. எல்லாத்தையும் மேசைக்கு அனுப்பினா ஆறு பேர் தாங்குவாங்களா?"

நியாயமான கேள்வி. மேசையில் இருந்த ஆறு பேரும் திருப்புளியைக் கீழே வைத்துவிட்டு இவரைப் பார்த்தார்கள்.

"எல்லாத்தையும் அனுப்பச் சொல்லல மேடம். பேரைப் பாத்துப் பிரிக்காதீங்க, வயித்தைப் பாத்துப் பிரிங்கன்னு சொல்றேன்."

"அப்போ இது மாதிரிக் குழப்பமானதுக்கு மூணாவதா ஒரு கூண்டு வெச்சுடலாமா?"

"வேணாம். சந்தேகத்துக்குன்னு ஒரு கூண்டு வெச்சா, ரெண்டே வாரத்துல ஆளாளுக்கு எல்லாத்தையும் அதுல தூக்கிப் போடுவாங்க. அப்புறம் யாரு யோசிப்பா?"

சொல்லிவிட்டு ஒரு கருவியை எடுத்து மேசையில் கவிழ்த்தார். திருகுகளைக் கழற்றி ஒரு மூடிக்குள் போட்டார். பின்பக்கத் தகடு விட்டதும் தட்டையான கறுப்புப் பேட்டரி தெரிந்தது. அதைப் பிளாஸ்டிக் கட்டையால் மெல்ல நெம்பி எடுத்து அதிகாரியின் முன்னால் வைத்தார். அதிகாரி தலையாட்டிவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

"இருங்க மேடம். இன்னும் முடியல."

இருபுறத்துப் பிடிகளையும் உருவினார். ஒவ்வொன்றையும் பிரித்து, உள்ளேயிருந்து விரலளவு பேட்டரி ஒன்றை எடுத்தார். மேசையில் இப்போது மூன்று. ஆறு பேரில் ஒருவர், "ஒண்ணைத்தானே எடுத்துட்டு இருந்தோம்" என்று மெதுவாகச் சொன்னார். இதை எதிர்பார்க்காதவர் அதிகாரி மட்டும் இல்லை. இவ்வளவு நாளும் பிடிகளைத் திறக்காமல் அனுப்பிக்கொண்டிருந்த மேசைக்கும் வியர்த்தது. இவர் அவர்களைத் திட்டவில்லை. "நானும்தான் நேத்துவரைக்கும் பாக்கல" என்றார். கடைசியாகத் தொட்டிலைப் பிரித்துக் காட்டினார். அதற்குள் ஒரு பச்சைப் பலகையும் காற்றும்தான் இருந்தன.

"இது வீடு" என்று தொட்டிலை இடப்பக்கம் நகர்த்தினார். "அது மூணும் கை."

அதிகாரி பட்டியலில் பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். எழுதியதை வாய்விட்டு ஒருமுறை படித்தார். தொட்டில், வீடு. கருவியும் பிடிகளும், கை. மூன்று பேட்டரி. கீழே கையெழுத்துப் போட்டவர், கோப்பைத் திருப்பி இவர் பக்கம் நகர்த்தி, "நீங்களும் போடுங்க" என்றார். இவர் கையுறையைக் கழற்றி, முழுப் பெயரையும் நிதானமாக எழுதினார். ஒரு வரியில் அடங்காமல் பெயர் அடுத்த வரிக்கு இறங்கியது.

ஆறு வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை நெட்டையர் வேலைக்குத் திரும்பினார். சட்டையின் முழுக்கையை மணிக்கட்டுவரை இறக்கிப் பொத்தான் போட்டிருந்தார். எல்லோரும் வந்து விசாரித்தார்கள், அவரும் சிரித்துப் பதில் சொன்னார். ஆனால் இயந்திரத்தின் பக்கத்தில் போய் நின்றபோது பாட்டு எழவில்லை. தொலைக்காட்சிப் பெட்டி, மிக்சி, விசிறி என்று வந்ததையெல்லாம் போட்டார். ஒரு கேம் கருவியின் கூடு வந்ததும் அதை எடுத்து ஒதுக்கி வைத்தார். இரண்டாவதையும் ஒதுக்கினார்.

இவர் அதைப் பார்த்துவிட்டார். பெல்ட்டையும் அரவையையும் சேர்த்து நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தினார். கொட்டகை அமைதியானது. இருபது தப்படி நடந்து அரவை இயந்திரத்திடம் போய், ஒதுக்கிய கூட்டை எடுத்து, பின்பக்கத் தகட்டைத் திறந்து நெட்டையரின் முகத்துக்கு நேரே பிடித்தார். நெட்டையர் குனிந்து பார்த்தார். பேட்டரி இருந்த காலிப் பள்ளத்தில் விரலை விட்டு ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை தடவிப் பார்த்தார். பிடிகளின் பொந்துகளையும் அப்படியே பார்த்தார். பிறகு கூட்டை வாங்கி இயந்திரத்தின் வாயில் போட்டுவிட்டு விசையைத் தட்டினார்.

இவர் உடனே திரும்பிப் போகவில்லை. நெட்டையருக்கும் பற்களுக்கும் நடுவே, அவர் கை வெந்த அந்த இடத்தில் போய் நின்றுகொண்டு, கடைசித் துண்டு வெளியே விழும்வரை அங்கேயே நின்றார்.