சிவப்புக் கவுன் போட்டோ

ஆயுத பூஜையன்று எங்கள் வீட்டில் அரிவாள்மணைக்கும் தையல் மிஷினுக்கும் நைனாவின் பைக்குக்கும் பொட்டு வைத்த கையோடு கம்ப்யூட்டருக்கும் ஒரு பொட்டு வைப்பார்கள். அது என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, சத்தியவேட்டில் ஸ்டுடியோ நடத்தியபோது வாங்கியது. எல்லோர் கையிலும் கேமரா போன் வந்த பிறகு மாமா ஸ்டுடியோவுக்குப் பூட்டுப் போட்டுவிட்டு ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனிக்கு ஷிப்ட் வேலைக்குப் போய்விட்டார். கம்ப்யூட்டர் எங்கள் வீட்டுக் கூடத்து மூலைக்கு வந்து சேர்ந்தது. நான் அதில் சீட்டு விளையாடுவேன். மற்றபடி அதற்கு ஒரு வேலையும் கிடையாது. சந்தனம் குங்குமத்தோடு ரிடையரான தாசில்தார் மாதிரி உட்கார்ந்திருக்கும்.

அதற்கு நேர் மேலே சுவரில் என் அக்காவின் போட்டோ. சிவப்புக் கவுன், பின்னால் ஒரு அருவி, இடுப்பு வரைக்கும்தான் தெரியும். கண் இரண்டும் பளிச்சென்று நம்மையே பார்க்கும். கூடத்தில் எங்கே போய் உட்கார்ந்தாலும் பார்க்கும். நான் பிறப்பதற்கு முன்பே மூன்று வயதுகூட முடியாமல் ஜுரத்தில் போய்விட்டவள். பரீட்சை நாளில் சாமியைக் கும்பிட்டதும் அவளையும் கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். எனக்கு அந்தக் கண்ணைப் பார்த்தால் கொஞ்சம் பயம். வெளியே சொல்ல மாட்டேன்.

அக்காவுக்கு அந்த ஒரு போட்டோதான் உண்டு. காரணம், அம்மா வீட்டுப் பக்கத்தில் ஒரு வழக்கம். மலைக்குப் போய் முதல் முடி இறக்கும் வரை குழந்தையைப் படம் பிடிக்கக் கூடாது, கண் பட்டுவிடும். முதல் வருஷம் போகலாம் என்றிருந்தபோது பங்காளி வீட்டில் ஒரு சாவு, தீட்டு. அடுத்த வருஷம் போர்வெல்லில் தண்ணீர் வற்றி நைனா அலைந்துகொண்டிருந்தார். திருமலை எங்கே ஓடிவிடப்போகிறது என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். மலை ஓடவில்லை. குழந்தை போய்விட்டது. சொந்தத் தாய்மாமன் கழுத்தில் நாள் முழுக்க கேமரா தொங்கிக்கொண்டிருந்த வீட்டில், அந்தக் குழந்தை போனபோது அதற்கென்று ஒரு படம்கூட இல்லை.

அதற்குப் பிறகு அம்மா தலைகீழாக மாறிவிட்டாள். நான் பிறந்த அன்றே ஆஸ்பத்திரியில் வைத்து என்னைப் படம் எடுக்கச் சொல்லி மாமாவை விரட்டினாளாம். குப்புற விழுந்தால் போட்டோ, தும்மினால் போட்டோ. மொட்டையாவது, கண் படுவதாவது.

எனக்கு மூன்று வயது இருக்கும்போது ஒருநாள் மாமா அந்தச் சிவப்புக் கவுன் படத்தைப் பிரேம் போட்டுக் கொண்டுவந்து நின்றார். "நீ தண்ணி புடிக்கப் போனப்ப திருட்டுத்தனமா எட்த்தேன்க்கா. சொன்னா தொடப்பத்தாலயே அடிப்பியேன்னு சொல்லல. அப்பறம் சீடி எங்கியோ மாட்டிக்கிச்சி, இப்பதான் ஆப்ட்ச்சி" என்றாராம். அம்மா அவர் முதுகில் நாலு வைத்து, அழுது, சிரித்து, உடனே பாயசத்துக்கு அடுப்பைப் பற்றவைத்தாள். இந்தக் கதையை அவள் எத்தனை தடவை சொன்னாலும் முதல் தடவை சொல்வது மாதிரியே சொல்வாள். வீட்டுக்கு யார் வந்தாலும் என்னை அந்தப் படத்துக்குக் கீழே இழுத்து நிறுத்துவாள். "தோ பாருங்க, கண்ணு அப்டியே அவ அக்கா கண்ணுதான்!" என்பாள். வந்தவர்களும் அண்ணாந்து பார்த்து, குனிந்து என்னைப் பார்த்து, அப்படியே என்பார்கள். அந்த நேரத்தில் மாமா இருந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு எங்காவது கிளம்பிவிடுவார்.

நான் நாலாவது படித்த வருஷம் ஐப்பசியில் புயல் மழை கொட்டியது. கூரை ஒழுகி, சுவரோடு சுவராகத் தண்ணீர் இறங்கிப் பிரேமுக்குள் போய்விட்டது. காலையில் பார்த்தால் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, அருவியும் கவுனும் முகமும் ஒன்றாகக் கரைந்து கிடந்தது. அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. உயிரோடு இருக்கும் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்றுதான் ஓடிவந்தார்கள்.

நைனாதான் சொன்னார், கம்ப்யூட்டரில் அந்தப் படம் இருக்குமே, இன்னொன்று போட்டுக்கொள்ளலாம் என்று. அம்மா சட்டென்று அழுகையை நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கம்ப்யூட்டரைப் போட்டோம். திரை நீலமாக வந்து இங்கிலீஷில் என்னவோ எழுதிவிட்டு அணைந்தது. பெட்டிக்குள்ளிருந்து டக், டக் என்று பல்லி சொல்வது மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

மாமா ஷிப்ட் முடிந்து வந்து பெட்டியைப் பிரித்தார். கேஸட் அளவில் கனமாக ஒன்றை வெளியே எடுத்து, எல்லாப் படமும் இதற்குள்தான் இருக்கிறது, இதன் பெயர் ஹார்ட் டிஸ்க், சூடு தாங்காமல் அடம் பிடிக்கிறது என்றார். ஜில்லென்று வைத்தால் கொஞ்ச நேரம் ஓடும், அதற்குள் படத்தை எடுத்துவிடலாமாம். பிளாஸ்டிக் கவரில் சுற்றி எங்கள் பிரிட்ஜின் ஐஸ் பெட்டியில் வைத்தார். அம்மா பால் பாக்கெட்டுகளை நகர்த்தி இடம் விட்டு, கவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மறுநாள் எடுத்து மாட்டினால் அந்த டக் டக்கும் பாதியாகத்தான் வந்தது.

"அவ்ளோதான்க்கா. இனிமே வராது. உட்டுடு" என்றார் மாமா. குரல் வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்க்ரூவைத் திருப்பி மாட்டும்போது அவர் முகத்தில் வருத்தத்தைக் காணோம். தேள் ஒன்று கிட்டே வந்து கொட்டாமல் போனது போல ஒரு பெருமூச்சு விட்டார். எனக்கு அது விசித்திரமாக இருந்தது.

அம்மா விடவில்லை. யாரோ விசாரித்துச் சொன்னார்கள் என்று திருப்பதிக்குத் தானே பஸ் ஏறிப் போய், செத்த டிஸ்கிலிருந்து படங்களை மீட்டுக்கொடுக்கும் ஒரு கடையில் அதைக் கொடுத்துவிட்டு வந்தாள். சில நாள் கழித்து அங்கிருந்து போன் வந்தது. கொஞ்சம் படம் வந்திருக்கிறது, உங்களுடையது எது என்று வந்து காட்டுங்கள் என்றார்கள். அன்று எனக்குப் பள்ளிக்கூடம் லீவு. அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனால், மாமா வேலைக்குப் போகாமல் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

பஸ்ஸில் போனால் மாமா சும்மா வரமாட்டார். வேர்க்கடலைக்காரனிடம் ஒரு வம்பு, கண்டக்டரிடம் தெலுங்கில் ஒரு கிண்டல் என்று வழியெல்லாம் கலகலப்பாக இருக்கும். அன்று நாகலாபுரம் போய், புத்தூரும் போய்விட்டது. அவர் வாயைத் திறக்கவே இல்லை. அம்மாதான் புதுப் பிரேமுக்கு என்ன கலர் வைக்கலாம் என்று பேசிக்கொண்டே வந்தாள்.

கடை, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இருந்தது. படிக்கட்டுக்குக் கீழேயே மாமா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "நா போயி பாத்து எட்த்துக்கினு வர்றேன்க்கா. நீயும் பாப்பாவும் ஓட்டல்ல டிபன் துன்னுக்கினு இருங்க."

"எம் பொண்ணு மொகத்த நா பாக்காம நீ இன்னாடா பாக்கறது?" என்று கையை உதறிவிட்டு அம்மா படியேறினாள்.

கடைக்காரர் கண்ணாடி போட்ட தெலுங்குக்காரர், நல்ல மனுஷர். எங்களுக்கு ஸ்டூல் இழுத்துப் போட்டார். "பேர்லு ராவம்மா, போட்டோலு மாத்ரம் ஒஸ்தாயி" என்றார். பெயரெல்லாம் அழிந்துவிட்டது, வெறும் நம்பரோடு படங்கள் மட்டும் வரும், எப்போதோ வேண்டாமென்று அழித்ததும் சேர்ந்துதான் வரும் என்று தமிழும் தெலுங்குமாகக் கலந்து விளக்கினார். மாமா சுவரோரமாகப் போய் நின்றுகொண்டார்.

திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் படங்கள் நகர்ந்தன. யார் யாருடைய கல்யாணமோ, யாருக்கோ காது குத்து, பாதி வெட்டுப்பட்ட ஒரு மாப்பிள்ளை. பிறகு நான், நான், நான். தவழும் நான், மொட்டையாக நான். அம்மா ஒவ்வொன்றையும் காட்டிச் சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது சிவப்புக் கவுன் வந்தது. அம்மா திரையைத் தொட்டே காட்டினாள். கடைக்காரர் அதைப் பெரிதாக்கினார்.

அருவி இல்லை. பாயும் சுவரும்தான் இருந்தன. அதே கவுன், அதே முகம், அதே மாதிரி லேசாகச் சாய்ந்த தலை. கழுத்தில் சாமந்தி மாலை. நெற்றியில் காசு. மூக்கில் பஞ்சு. கண் இரண்டும் மூடியிருந்தன. தலை விழுந்துவிடாமல் தாடையைக் கீழே இருந்து ஒரு கை தாங்கிப் பிடித்திருந்தது. அந்தக் கையில் இருந்த பச்சை வளையல் அம்மாவுடையது. அதே வளையல் என் பக்கத்தில், மேஜை விளிம்பைப் பிடித்திருந்த கையிலும் இருந்தது.

நான் செத்தவர்களை அதுவரை பார்த்ததில்லை. பரீட்சைக்குப் பரீட்சை கும்பிட்டுப்போன முகம் அது.

கடைக்காரர் பதறி அதை மூடப் போனார். பதற்றத்தில் கை மாறி அடுத்தடுத்த படங்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. முதலில் என் முகம். மூன்று வயசு முகம், கிட்டத்தில் எடுத்தது. அதற்கு அடுத்ததிலும் என் முகம்தான், ஆனால் கண் இருந்த இடம் வெள்ளையாக, கத்தரித்து எடுத்தது மாதிரி ஓட்டையாக இருந்தது. நான் வீலென்று கத்திவிட்டேன். அதற்கும் அடுத்த படத்தில் அக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். ஒட்டு இன்னும் சரியாக மறையாமல், கண்ணைச் சுற்றித் தோல் வேறு நிறத்தில் இருந்தது. இத்தனை வருஷம் சுவரிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது நானேதான்.

மாமா சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தார். செத்தவர்களின் படத்துக்குக் கண் திறந்துவிடுவது ஸ்டுடியோக்காரர்கள் எல்லோரும் செய்கிற வேலைதான் என்று பின்னாளில் தெரிந்துகொண்டேன். அக்கா போன அன்று, அழுதுகொண்டிருந்த அம்மா கவனிக்காதபோது மாமா படம் எடுத்திருக்கிறார் என்பதும் பிறகு தெரிந்ததுதான். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், மாமா மாட்டிக்கொண்டார், அம்மா அடிக்கப் போகிறாள் என்பதுதான். அவளுக்குக் கோபம் வந்தால் ஊரே தாங்காது.

அம்மா அடிக்கவில்லை. திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போன்ற ஒரு குரலில் கேட்டாள்.

"அப்ப அவ கண்ணு எப்டிடா இருந்துச்சி?"

மாமா தலையை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டார்.

"எனுக்கு நெனப்பு இல்லடா. இத்தையே பாத்துப் பாத்து... எம் பொண்ணு கண்ணு எனுக்கே மறந்து பூட்ச்சிடா."

கடைக்காரர் எழுந்து வெளியே போய் நின்றுகொண்டார். பெரியவர்கள் இரண்டு பேரும் அழுதார்கள். என்னை யாரும் கவனிக்கவில்லை. நான் என் கண்ணைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் எந்தப் படத்தைப் பிரிண்ட் போடுவது என்று கடைக்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார். அருவியோடு முடித்த பழைய படமும் அதே வரிசையில் வந்திருந்தது; கண் திறந்த அதையே போடுங்கள் என்றாள் அம்மா. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பொய் என்று தெரிந்த பிறகும் அதையே மாட்டுவார்களா? மூடிய கண் படத்தை என்ன செய்வது, அழித்துவிடவா என்று அவர் கேட்டபோது, மாமா அழிக்கச் சொல்லித் தலையை ஆட்டினார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் அந்தத் தலை அப்படியே நின்றது. அதையும் சேர்த்து ஒரு பென் டிரைவில் வாங்கி, முந்தானை நுனியில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் மாமா தனியாகப் பின் சீட்டில் உட்கார்ந்தார். அம்மா என்னை ஜன்னலோரம் விட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிரிண்ட் வைத்த உறை அவள் மடியில் இருந்தது. அதைப் பிரிக்கவே இல்லை. புத்தூர் தாண்டியதும் என் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"பாப்பா, கொஞ்ச நேரம் கண்ண மூடிக்கினு இரு."

தூங்கச் சொல்கிறாள் என்று நினைத்தேன். வெயில் முகத்தில் அடித்தது. இருந்தாலும் அன்றைக்கு அவள் சொன்னதைத் தட்ட மனம் வரவில்லை. மூடிக்கொண்டேன். என் தலையை லேசாகச் சாய்த்து வைத்தாள். அவள் உள்ளங்கை என் தாடைக்குக் கீழே வந்து தாங்கிக்கொண்டது. ஒரு விரல் என் நெற்றியில், புருவத்தில், மூடிய இமைமேல் மெதுவாகப் போய் வந்தது. அவள் மூச்சு என் முகத்தில் பட்டது. பிறகு அந்த மூச்சும் நின்றுவிட்டது போல இருந்தது. எனக்கு உண்மையிலேயே தூக்கம் வர ஆரம்பித்தது.

திடீரென்று இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். "தொற! கண்ணத் தொறடி! தொற, தொற!" பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்ததும், என்னை எலும்பு நொறுங்குவது போல இறுக்கிக்கொண்டாள்.

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கரும்புத் தோட்டம்தான் போய்க்கொண்டிருந்தது. சத்தியவேடு வர இன்னும் எவ்வளவோ தூரம் இருந்தது. தூங்கச் சொல்லிவிட்டு, தூக்கம் வருகிற நேரத்தில் எதற்காக எழுப்புகிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.