அரக்கு வயிற்று ஈ

கணவரை இழந்த துக்கத்தில் நான் சாக்கடையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்றுதான் அந்த வைகாசியில் வீட்டார் அனைவரும் நம்பினார்கள். காலையில் எனக்கு விபூதி இடும்போது மாமியாரின் விரல்கள் என் நெற்றியில் சற்று அதிக நேரம் தங்கும். மைத்துனர் பின்கட்டுக்கு வந்தால் செருப்புச் சத்தம் கேட்காதபடி நடப்பார். "அண்ணிய யாரும் ஒண்ணும் கேக்காதீங்க, ஒக்காந்துக்கினு இருக்கட்டும்" என்று அவர் தம் தங்கையிடம் தாழ்ந்த குரலில் சொன்னது என் காதில் விழுந்தது. நான் மறுத்துப் பேசவில்லை. மறுத்தால் ஈக்களைப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொல்ல நேரும். துக்கத்தைவிட அது அவர்களுக்கு அதிகக் கவலை தரும் என்று அஞ்சினேன்.

உண்மையில் அது சாக்கடையும் அன்று. எங்கள் வீட்டின் பின்புறம் சாயப் பட்டறை. பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுமுன் அதன்மேல் இயற்கையாக இருக்கும் பசையைப் போக்க வேண்டும். சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் நூல் சிட்டங்களை முக்கி முக்கி எடுப்பார்கள். சொரசொரப்பாக உள்ளே போகும் நூல் மினுமினுப்பாக வெளியே வரும். அந்தப் பசைநீரும் சாயம் காய்ச்சிய நீரும் ஒரு செங்கல் வாய்க்கால் வழியே ஓடிக் கிணற்றுக்கு அப்பால் ஒரு குழியில் தேங்கும். இரண்டு கட்டில் அளவு இருக்கும் அந்தக் குட்டை. மீனோ தவளையோ அதில் வாழ முடியாது; கொசுப்புழுவைக்கூட நான் கண்டதில்லை. ஆனால் உச்சிவெயில் ஏறும் நேரத்தில் அதன்மேல் பொடிப்பொடியாகக் கரிய ஈக்கள் நடக்கும்.

நடக்கும் என்றுதான் சொல்ல வேண்டும். அவை அதிகம் பறப்பதில்லை. எள்ளைவிடச் சற்றே பெரிய உடலோடு, நீரின் மேற்பரப்பைப் பளிங்குத் தரையாக எண்ணி, நுரையின் ஓரமாக உலாவிக்கொண்டிருக்கும். முகம் முன்னோக்கிப் புடைத்திருக்கும். அகன்ற வாயால் நீர்மேல் படரும் மெல்லிய ஏட்டை மேய்ந்தபடி போகும். காற்று வீசினால் எல்லாம் ஒரே திசையில் வழுக்கிச் சென்று, காற்று நின்றதும் ஒன்றுமே நடவாததுபோல் திரும்பி வரும். நான் வேப்பமர நிழலில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்காருவேன். மணி ஒன்றாவதும் மூன்றாவதும் எனக்குத் தெரியாது. பட்டறையில் நூல் பிழியும் ஓசை தூரத்து ஊரிலிருந்து வருவதுபோல் கேட்கும்.

உப்பேரிகளிலும் வெந்நீர் ஊற்றுகளிலும் பிற உயிர்கள் தங்காத நீர்நிலைகளிலும் வாழப் பழகிய ஒரு பூச்சிக் குடும்பம் உண்டு. கரையோர ஈக்கள் என்று அவற்றைச் சொல்வார்கள். நான் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். பணிக்காலம் முழுவதும் பிறர் கண்டு, பிறர் அளந்து, பிறர் பெயரிட்ட உயிர்களையே கரும்பலகையில் வரைந்தேன். ஓர் உயிரையேனும் முதன்முதலாக நான் விவரிக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இருந்தது. வெளியில் சொல்லிக்கொள்ளக் கூச்சமான ஆசை. கணவருக்கு மட்டும் தெரியும். "தேடு, கெடைக்கும்" என்பார், சாயத்தின் பதம் பார்த்துக்கொண்டே.

கல்லூரி கழித்துவிட்ட பழைய நுண்ணோக்கி ஒன்று என்னிடம் இருந்தது. அதன்கீழ் வைத்துப் பார்த்தபோது அந்த ஈயின் வயிற்றின் இரு பக்கமும் ஆழ்ந்த அரக்கு நிறத்தில் ஒரு பட்டை தெரிந்தது. கையில் கிடைத்த விவரிப்புகள் அனைத்தையும் புரட்டினேன். அப்படியொரு பட்டை எதிலும் இல்லை. கரையோர ஈக்களை ஆராயும் நிபுணர் ஒருவர் தொலைவில் வேறொரு நகரத்தில் இருந்தார்; அவருக்குப் படங்களை அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது. இத்தகைய நிறத்தைத் தாம் கண்டதேயில்லை என்றும், உடனே விவரிப்பை எழுதத் தொடங்குமாறும் அவர் எழுதியிருந்தார். அன்று இரவு உணவின்போது நான் சிரித்தேன் போலும். மாமியார் எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

விவரிப்பின் முதல் வரியே அந்தப் பட்டையைப் பற்றியதுதான்.

என் நாத்தனார், அதாவது கணவரின் தங்கை, பட்டறையில் நூல் காய்ச்சுபவள். திருமணம் வேண்டாமென்று இருந்துவிட்டவள். வாய் சற்று நீளம். ஒருநாள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே என் மேசையருகே வந்தாள்.

"இன்னா அண்ணி, தெனம் ஒத்தக் கண்ண மூடிக்கினு இதுக்குள்ளயே பாக்குறீங்க? சினிமா எதுனா ஓடுதா?"

பார்க்கச் சொன்னேன். குனிந்து பார்த்தாள்.

"ஐயோ, எம்மாம் பெரிய கண்ணு! இது இன்னா, நம்ம குட்டையில கெடக்குமே, அதுவா?"

"அதுதான். வயித்துல ஒரு பட்டை தெரியுதா? இப்படி ஒரு ஈயை இதுவரைக்கும் யாரும் எழுதினதே இல்லம்மா."

அவள் மறுபடியும் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள்.

"அண்ணி, இது நான் காய்ச்சுன அரக்கு! ஒரு மாசமா முகூர்த்தப் பொடவைக்கு அரக்குதான போட்டுக்கினு இருக்கறோம். அந்தத் தண்ணிய நக்குனா வயிறு வேற எப்படி இருக்கும்? வெள்ளிக்கிழம அண்டாவ கழுவி மஞ்சள் போடுவோம். சனிக்கிழம புடிச்சுப் பாருங்க."

வரிசையாக ஒரே சாயம் போட்டு முடித்தால் அண்டாவைத் தேய்த்துக் கழுவி, அடுத்த சாயம் எதுவானாலும் முதலில் ஒரு சிட்டமேனும் மஞ்சளில் முக்கி எடுப்பது எங்கள் பட்டறை வழக்கம். சனிக்கிழமை நான் பிடித்த மூன்று ஈக்களுக்கும் மாம்பழ மஞ்சளில் வயிறு இருந்தது. செவ்வாய்க்கிழமை மயில்கழுத்துச் சாயம். புதன்கிழமை ஈக்கள் பச்சையும் நீலமுமாக மேய்ந்தன. சாயக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டு இருபத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. என் கைக்குட்டையிலும் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரிலும் குழந்தையில்லாத எங்கள் கட்டிலின் காலிலும்கூட அந்த நிறங்கள் ஏறியிருந்தன. நிறம் என்றால் அந்தப் பொருளுக்கே உரியது என்று எண்ணுமளவுக்கு அவை என் கண்ணுக்குப் பழகிவிட்டன. வெளியூர்க்காரர் எவரும் முதல் நாளே குட்டையைப் பார்த்துச் சந்தேகப்பட்டிருப்பார்.

நிபுணருக்கு உண்மையை எழுதினேன். அந்தக் கடிதத்தை எழுத எனக்கு இரண்டு நாட்கள் ஆயின. அவர் கோபிக்கவில்லை. நிறம் போய்விட்டதால் இது முன்பே அறியப்பட்ட இனங்களில் ஒன்றாகவும் இருக்கலாம் என்றும், ஆண் ஈயின் வயிற்று நுனியிலுள்ள உறுப்பின் வடிவத்தைப் பார்க்காமல் எதையும் முடிவுசெய்ய இயலாது என்றும் பதில் எழுதினார். ஆண் ஈ உண்டா என்று கேட்டிருந்தார்.

இல்லை. என்னிடம் இருந்தவை அனைத்தும் பெண். முட்டையிடக் கரைக்கு வருபவற்றையே நான் பிடித்திருக்கிறேன். ஆண்கள் நடுக்குட்டையில் நுரைமேல் இருந்திருக்க வேண்டும். அங்கே வலையை வீசினால் சோப்பு நுரையோடு ஈயும் குழைந்து, அடையாளம் தெரியாமல் போயிற்று.

அந்த வாரமே மைத்துனர் பட்டறையை மாற்றும் செய்தியைச் சொன்னார். ஏனாத்தூர்ப் பக்கம் புதிய கொட்டகை. அங்கே கழிவுநீரைச் சுத்திகரிக்கத் தொட்டி இருந்தது. நல்ல காரியம்தான். எங்கள் கிணற்று நீரில் சோடா வாடை வரத் தொடங்கியிருந்தது. ஆடியில் இடம் மாறக்கூடாது என்பதால் ஆனி முடிவதற்குள் எல்லாம் நடந்தாக வேண்டும். போகும்போதே குழியையும் மூடிவிடுவதாக ஏற்பாடு.

"ஆனி கடைசி நாள் வரைக்கும் குழியை மூடாம இருக்க முடியுமாப்பா?" என்று கேட்டேன்.

"எதுக்கு அண்ணி?"

சொன்னேன். அன்றுதான் அவரிடம் முதன்முதலாகச் சொன்னேன். அவர் என் முகத்தையும் குட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப இவ்ளோ நாளா… ஈயவா பாத்துக்கினு இருந்தீங்க?"

"ஆமாம்."

"நாங்க இன்னாமோ நெனச்சுக்கினு அழுதுக்கினு இருந்தோமே அண்ணி!" என்றார் அவர். நாத்தனார் உள்ளிருந்து குரல் கொடுத்தாள்: "பட்டறைய எடுத்துட்டா ஈ ஓட்டத்தான் ஆளு வேணும்ணே, அண்ணி இருக்காங்க!" மைத்துனர் சிரித்துவிட்டார். கடைசி நாள் வரை மூடுவதில்லை என்று ஒப்புக்கொண்டார்.

அவர்கள் நினைத்தது முழுவதும் தவறென்று நான் சொல்லவில்லை. ஈயைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மத்தியானங்களில் வேறு எதையும் நான் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

வாய்க்காலின் வாயில் அறுந்த பட்டு நூல்கள் சிக்கித் தொங்கும். நாத்தனார் நாள்தோறும் அவற்றைப் பிடுங்கிப் போடுவாள். ஒருநாள் அப்படிப் பிடுங்கும்போது, நூலில் பழுப்பு நிறத்தில் மணிமணியாக ஏதோ ஒட்டியிருப்பதைக் கண்டேன். கையில் வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றும் நூலைக் கவ்விக்கொண்டிருந்த கூடு; புழு ஈயாக மாறும் கூடு. ஒரு முனையில் மூச்சுக்குழல்.

"இந்த அழுக்கு மணியா? நான் பொறந்ததுலேந்து பிச்சிப் போட்டுக்கினு இருக்கறேன்" என்றாள்.

அவற்றை ஓர் ஊறுகாய் ஜாடியில் இட்டு, குட்டை நீர் சிறிது விட்டு, கணவரின் பழைய வேட்டித் துணியால் வாயைக் கட்டினேன். ஆண் ஈ பிடிபடவில்லையென்றால் பிறக்கட்டும் என்று காத்திருந்தேன். முதலில் வெளிவந்தவை பெண்கள். சாயத்தை இன்னும் மேயாத அவற்றின் வயிறு கஞ்சித் தெளிவுபோல் நிறமற்று இருந்தது.

பட்டறைச் சாமான்கள் வண்டியேறின. மைத்துனர் குடும்பம் போயிற்று. மாமியாரும் பேரப்பிள்ளைகளோடு போனார்; நாத்தனார் என்னோடு தங்கிவிட்டாள். பசைநீர் வரத்து நின்றதும் குட்டை கரையிலிருந்து உள்வாங்கத் தொடங்கியது. மூன்றாம் நாள் காலையில் நாத்தனார் அடுப்படியில் ஒரு சிறு பானையில் கழிவு நூலைச் சோப்பும் சோடாவும் போட்டுக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அந்தப் பசைநீரை ஆறவைத்துக் கொண்டுபோய்க் குட்டையில் ஊற்றிவிட்டு வந்தாள். ஆனி முடியும்வரை நாள்தோறும் அப்படிச் செய்தாள். புதிய கூடுகள் நான்கைந்து அதன் பயனாகக் கிடைத்தன.

கடைசி நாள் செங்கல் உடைசலோடு ஒரு டிராக்டர் வந்தது. அரை மணி நேரத்தில் குழி நிரம்பியது. அன்று ஜாடியில் நான்கு கூடுகள் மிஞ்சியிருந்தன. ஆடி பிறந்து சில நாட்களுக்குப் பின், மழைக்கு வானம் கறுத்த ஒரு மாலையில், அவற்றில் ஒன்று வெடித்திருந்தது. துணிக்கடியில் ஈரமான சிறகோடு ஓர் ஈ நின்றது. நுண்ணோக்கியில் அதன் வயிற்று நுனியைப் பார்த்ததும் எழுந்துபோய் ஒரு குவளை நீர் குடித்துவிட்டு வந்தேன். ஆண். மறுநாள் இன்னொன்று. மற்ற இரண்டும் திறக்கவேயில்லை.

அவற்றில் ஒன்றின் வயிற்று நுனியைத் துண்டித்துப் பொட்டாஷ் கரைசலில் மெல்லச் சூடாக்கினேன். தசை கரைந்துபோய் உறுப்பின் கெட்டியான பகுதி மட்டும் மிஞ்சும்.

"நீங்களும் காய்ச்சத்தான் செய்றீங்க" என்றாள் தோளுக்குப் பின்னாலிருந்து பார்த்த நாத்தனார்.

கிளிசரின் துளியில் அது தெளிந்தது. இரு மடல்கள், பாவு நூலை இழுக்கும் கொக்கியின் நுனிபோல் உள்நோக்கி வளைந்து, வளைவின் அடியில் மூன்று தடித்த மயிர்கள். அறியப்பட்ட எந்த இனத்திலும் அந்த வளைவு இல்லை. படம் வரைந்து முடிக்கப் பல வாரங்கள் ஆயின. நிபுணர் தம்மிடமிருந்த ஈக்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, புதிய இனம் என்று ஒரே வரியில் எழுதினார். நான் வைத்த லத்தீன் பெயருக்கு நூல் காய்ச்சுபவளுக்கு உரியது என்று பொருள்.

"ஈக்கு என் பேரா? வெளிய சொல்லிடாதீங்க அண்ணி, தெருவே சிரிக்கும்" என்றவள், அச்சில் வந்த பக்கத்தை நெடுநேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அதன்பின் தென்னேரி ஏரியின் கரையெங்கும் தேடினேன். மாகறல் பக்கத்து ஆற்றுக் குட்டைகளிலும், ஏனாத்தூர்க் கொட்டகையின் சுத்திகரிப்புத் தொட்டியிலும் வலை வீசினேன். வேறு கரையோர ஈக்கள் கிடைத்தன, அது கிடைக்கவில்லை. இன்னும் எங்கோ ஒரு பட்டறையின் பின்புறத்தில் இருக்கக்கூடும். மாதம் ஒருமுறை நாங்கள் தேடிப் போகிறோம். வலை என்னிடம், கூடு தேடும் கண் அவளிடம்.

அருங்காட்சியகத்துக்கு நான் அனுப்பிய பெட்டியில் இரண்டு ஆண் ஈக்களும் ஒன்பது பெண் ஈக்களும் ஊசியில் இருக்கின்றன. இந்த வீட்டில் நானும் என் நாத்தனாரும் இருக்கிறோம்.