சல்லடை மலைக்குக் காது கொடுப்பவள்

பாறைமேல் உட்கார்ந்ததும் லெனோரா கைக்கடிகாரத்தைக் கழற்றிக் காலுறைக்குள் திணித்துவிடுவாள். அதன் டிக் டிக் சத்தம்கூட ஆகாது. அப்புறம் இருபது நிமிஷம் கல்லோடு கல்.

"ஸ்கூல் பஸ்ஸுல அறுபது பிள்ளைங்களைக் கத்திக் கத்தி அடக்குறவ, இங்க வந்து காத்தையே அதட்டுறா" என்பான் கணவன் எமிலியோ.

"வாயை மூடு மனுஷா. நீ மூச்சு விடறதே லாரி மேடு ஏறுற மாதிரி இருக்கு."

அமெரிக்காவில் கொலராடோவின் தேசியப் பூங்கா ஒன்றுக்குள் இருக்கிறது இந்த மலை. வெள்ளி தோண்ட வந்தவர்கள் துளைத்த துளைகளால் மலைக்குச் சல்லடை என்று பெயர் வந்தது. அவர்கள் கொட்டிவிட்டுப் போன கற்குவியல்களில் இப்போது பைக்காக்கள் குடித்தனம் நடத்துகின்றன. பைக்கா முயலுக்கு உறவு. உருளைக்கிழங்கு அளவு, வால் கிடையாது. 'ஈக்' என்று கத்தினால் லெனோரா காகிதத்தில் ஒரு கோடு போடுவாள். மலை வருஷத்துக்கு வருஷம் சூடாகிறது. அதுகள் மிஞ்சுமா என்று பூங்கா ஆபீஸுக்குத் தெரிய வேண்டும். பத்தொன்பது ஆகஸ்டாக எண்ணுகிறாள், சம்பளமில்லாமல்.

இந்த வருஷம் மூன்று குவியல் முடிந்தும் ஒரு கோடு விழவில்லை. நாலாவதிலும் விழாமல் போகவே காகிதத்தை மடித்துவிட்டாள்.

"போயிடுச்சு எமிலியோ. ஒண்ணுகூட இல்ல."

"என்னடி விளையாடுறியா? இப்பதான் உன் முதுகுக்குப் பின்னால மூணு தரம் கத்துச்சு."

"எனக்குக் கேக்கலையே."

"காலையிலேர்ந்து கத்துது. சொன்னா நீ திட்டுவேன்னு சும்மா இருந்தேன்."

 லெனோராவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அப்போ அதுங்க இருக்கு, நான்தான் செவிடா? அப்பாடா! வயித்துல பால வார்த்தே!"

"காது போச்சுன்னா யாராவது இப்படிச் சிரிப்பாங்களா? ஆபீஸ்ல என்ன சொல்லுவே?"

"செவிடின்னு சொல்லுவேன். கேக்கறதுக்கு வேற ஆளைப் போடட்டும். எனக்குக் கை இருக்கில்ல?"

பாறை இடுக்கில் தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். பைக்கா குளிர்காலத்துக்குச் சேர்த்த புல் ஒரு பிடி வந்தது, நடுவில் வாடாத மஞ்சள் பூவோடு.

"ஈரம் காயல. இன்னைக்குக் காலையில அறுத்தது."

முகர்ந்து பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தாள். மற்றச் சட்டைக்கையையும் தோள்வரை சுருட்டிக்கொண்டு அடுத்த பாறையடியில் குப்புறப் படுத்தாள்.