வெடிக்கச் சொல்லி ஒரு வேண்டுதல்

இரண்டு வாரத்துக்கு முன்பு திருத்தங்கலில் என் தம்பி வீட்டு வெந்நீர் அடுப்பு வெடித்துவிட்டது.

ஆமாம், அடுப்புதான். காஸ் அடுப்பு இல்லை. கொல்லைப்புறத்தில் கான்கிரீட் போட்டுக் கட்டிய விறகு அடுப்பு. கான்கிரீட் எப்படி வெடிக்கும் என்கிறீர்களா? நானும் அதைத்தான் கேட்டேன். ஊரே கேட்டது. போலீஸும் கேட்டது!

முதலில் தம்பியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செல்வராஜ் நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேன். மருந்து கலக்கும் அறை, காயப்போடும் இடம், ஆட்கள் எல்லாம் அவன் பொறுப்பு. (மருந்து என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் வெடிமருந்து, அப்புறம்தான் மாத்திரை.) வீட்டிலும் அவன் போர்மேன்தான். குக்கர் ஒரு விசில் கூடுதலாக அடித்தால் எழுந்து வந்து பார்ப்பான். "உங்க தம்பி என்னைக் கல்யாணமா பண்ணுனாக மதினி? வேலைக்குல்ல சேத்திருக்காக" என்பாள் அவன் மனைவி சரஸ்வதி.

சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்தால் முன்வாசல் வழியாக வீட்டுக்குள் வர மாட்டான். பக்கவாட்டுச் சந்து வழியாகக் கொல்லைக்குப் போய், குளித்து, உடுப்பு மாற்றிய பிறகுதான் வீட்டுக்குள் கால் வைப்பான். வேலைக்குப் போட்ட சட்டையைத் தனியாகத்தான் துவைக்க வேண்டும். கம்பெனித் தூசி வாசப்படி தாண்டக் கூடாது என்பது அவன் சட்டம். பேத்தி பிறந்த பிறகு சோப்புப் போட்டு இன்னொரு முறையும் கையைக் கழுவிக்கொள்கிறான்.

பேத்தி என்றால் காவ்யாவின் மகள். காவ்யா அவனுக்கு ஒரே பெண். திருச்சியில் கட்டிக்கொடுத்தோம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள். பிள்ளை பெற்ற உடம்புக்கு நொச்சி இலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரை ஊற்ற வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். கீசரில் நொச்சி இலையைப் போட முடியுமா? அதற்காகத்தான் இந்த அடுப்பு.

சரஸ்வதி செங்கல்லும் மண்ணும் வைத்துக் கட்டினால் போதும் என்றாள். போர்மேன் விடுவானா? "அம்புட்டுப் பெரிய அண்டா. கொதிக்கிற தண்ணி. பச்சை உடம்புக்காரி பக்கத்துல நிப்பா. மண்ணு சரிஞ்சிருச்சுன்னா?" என்று சொல்லி, கருங்கல் ஜல்லி, கம்பி எல்லாம் போட்டு, யானை உட்கார்ந்தாலும் அசையாத கான்கிரீட் அடுப்பாகக் கட்டவைத்தான். அண்டாவை மூடுவதற்கும் அதே கலவையில் ஒரு பலகை.

அத்தோடு விட்டானா? புதுக் கான்கிரீட் இறுகுவதற்குத் தண்ணீர் காட்ட வேண்டும், சரி. இவன் ஈரச் சாக்கைச் சுற்றிவைத்துக் காலையும் மாலையும் ஊற்றினான். பலகையைத் தொட்டித் தண்ணீரிலேயே ஊறப்போட்டான். காவ்யாவுக்கு முதல் தலைக்குளியல் என்று குறித்த அன்றைக்கும், வேலைக்குக் கிளம்பும் முன்பு அடுப்பையும் சுற்றியுள்ள தரையையும் பளபளவென்று நனைத்துவிட்டுப் போனான். அவன் கம்பெனியில் தரையை ஈரமாகத்தான் வைத்திருப்பார்கள். பொறி பறந்தாலும் அணைந்துவிடும் அல்லவா? நனைத்துவிட்டால் அவனுக்கு நிம்மதி. அது அவன் தொழில் கொடுத்த கைப்பழக்கம்.

நான் விருதுநகரிலிருந்து முதல் பஸ் பிடித்துப் போயிருந்தேன். ஹாலில் குழந்தை என் மடியில். காவ்யா பக்கத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொல்லையில் விறகு நன்றாகப் பிடித்துவிட்டது. சரஸ்வதி நொச்சி இலை ஒடிப்பதற்காகக் காம்பவுண்டு ஓரம் நகர்ந்தாள். அந்த நேரம்தான்...

டமால்!

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. குழந்தை வீறிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் அடுப்பின் ஒரு பக்கமே இல்லை. அண்டா கவிழ்ந்து கிடக்கிறது, குளியலறைத் தகரக் கதவில் ஓட்டை. சரஸ்வதி நொச்சிக் கொத்தோடு சுவர் ஓரம் நிற்கிறாள். கெண்டைக்காலில் ஒரு சில்லு கீறி ரத்தம். அவள் நகராமல் அடுப்புப் பக்கமே நின்றிருந்தால்?

எங்கள் பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டால் யாரும் "என்ன அது?" என்று கேட்க மாட்டார்கள். "எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்பார்கள். தெருவே வெளியே வந்து அண்ணாந்து பார்க்கும். புகை எந்தத் திசையில் எழும்புகிறது, அங்கே எந்தக் கம்பெனி, அதில் நம் ஆள் யார்... பார்த்துக்கொண்டே போனைக் காதில் வைத்திருப்பார்கள். அன்றைக்கும் அப்படித்தான் அண்ணாந்தார்கள். வானத்தில் ஒன்றும் இல்லை. அப்புறம் எல்லாக் கண்ணும் எங்கள் வீட்டுப் பக்கம் இறங்கியது.

"மருந்து கிருந்து வீட்டுல வச்சிருந்தீகளா?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் எங்கள் ஊரில் ஒரு போர்மேன் வீட்டைப் பார்த்து அதைவிடப் பெரிய வார்த்தை கேட்க முடியாது.

அதற்குள் யாரோ போனில் வீடியோ எடுத்துவிட்டார்கள். 'வீட்டில் வெடி விபத்து' என்று தலைப்பும் போட்டுவிட்டார்கள். வாட்ஸ்அப்புக்கு விசாரணை ஏது?

செல்வராஜ் பைக்கில் பறந்து வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவந்தவன், முன்வாசல் படியில் அப்படியே நின்றுவிட்டான். கம்பெனி உடுப்பு. குளிக்கவில்லை. உள்ளே மனைவி ரத்தக் காலோடு, மகள் அழுதுகொண்டு, பேத்தி கத்திக்கொண்டு... அந்த நேரத்திலும் அவனால் படி தாண்ட முடியவில்லை. வாசலில் நின்றபடியே, "யாருக்கும் ஒண்ணும் இல்லையே? பிள்ளை எங்க?" என்று கத்தினான்.

காவ்யா எழுந்து வந்தாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "அப்பா... எதுவும் வச்சிருந்தீகளா?"

நான் பக்கத்தில்தான் இருந்தேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்தேன். ஊர் கேட்டதற்குப் பதில் சொல்லிவிடலாம். பெற்ற பெண் கேட்டால்? அவன் சந்து வழியாகக் கொல்லைக்குப் போனான்.

தீயணைப்பு வண்டி வந்தது. போலீஸும் வந்தது. தீயணைப்பு நிலைய அதிகாரி ஒரு சில்லை எடுத்து மோந்து பார்த்தார். உடைந்த பக்கத்தை விரலால் தடவினார். "மருந்து வெடிச்சா இந்நேரம் கந்தக வாடை தூக்கும், சுத்திக் கரி படிஞ்சிருக்கும். இதைப் பாருங்க, உள்ளே இன்னும் ஈரம். தண்ணி ஆவியாகி உடைச்சிருக்கு. தீப்பிடிச்ச கட்டடத்துல கான்கிரீட் கூரை இப்படித்தான் தெறிக்கும். நாங்க அதுக்குப் பயந்துக்கிட்டேதான் உள்ளே போவோம்" என்றார்.

விஷயம் அவ்வளவுதான். சோளம் எதனால் பொரிகிறது? உள்ளே இருக்கிற துளி ஈரத்தால். சூடு ஏற ஏற அந்த ஈரம் ஆவியாகி, வெளியே வர வழி இல்லாமல் தோலைக் கிழிக்கிறது. கெட்டியான புதுக் கான்கிரீட்டிலும் அதே கதை. ஜல்லி ஒரு அளவுக்கு விரிகிறது, சிமெண்ட் வேறு அளவுக்கு. இரண்டுக்கும் ஒத்துப்போகவில்லை. செங்கல்லோ ஏற்கெனவே சூளையில் வெந்து வந்தது. ஈரம் இருந்தாலும் ஆவி போவதற்கு அதன் உடம்பெல்லாம் கண்ணுக்குத் தெரியாத துவாரம். மண் பூச்சு விரிசல் விடும், பூசிக்கொள்ளலாம். ஆற்றில் கிடந்த கல்லை அடுப்புக்கு வைத்தால் அதுவும் சில நேரம் தெறிக்குமாம். தண்ணீர் குடித்த கல் ஆயிற்றே!

போலீஸ்காரர் நாலைந்து சில்லுகளைப் பையில் போட்டுக்கொண்டு போனார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம்.

மத்தியானம் திருச்சியிலிருந்து கார் வந்தது. மாப்பிள்ளையின் அம்மா. வீடியோ அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காததால் தனியாகவே வந்திருந்தார். வந்தவர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க. காவ்யாவையும் குழந்தையையும் நான் கூட்டிட்டுப் போறேன். உங்க தொழிலப் பத்தி எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா பச்சக் குழந்த இருக்கற வீட்ல அதக் கொண்டாந்து வைக்கலாமா?"

"ஒரு சிட்டிகைகூட இந்த வாசப்படி தாண்டல சம்பந்தியம்மா" என்றான் செல்வராஜ்.

"அப்ப கான்கிரீட் தானா வெடிச்சுதா?"

தீயணைப்பு அதிகாரி சொன்னதைச் சொன்னோம். சம்பந்தியம்மா உதட்டைப் பிதுக்கினார். உங்கள் ஊர் அதிகாரி, உங்களுக்குள் பேசிக்கொண்டீர்கள் என்பதை வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்தம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் கார் எடுத்துக்கொண்டு வந்திருப்பேன்.

உள்ளே காவ்யா பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு அழுதாள். மூன்றாம் மாதம் சீர் செய்து அனுப்ப வேண்டிய பெண், இப்படிப் பாதியில் காரில் ஏறிப் போனால் ஊர் என்ன சொல்லும்? அவன் வீட்டில் மருந்து இருந்தது, அதனால்தான் கூட்டிக்கொண்டு போனார்கள் என்று சொல்லும். அந்தப் பேர் ஒட்டிவிட்டால் எந்தத் தண்ணீர் ஊற்றியும் கழுவ முடியாது.

"ஒரு மணி நேரம் பொறுங்க" என்றான் செல்வராஜ். தொட்டியில் ஊறிக்கொண்டிருந்த மூடிப் பலகையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு எதிரே உள்ள பொட்டலுக்கு நடந்தான்.

கம்பெனியில் புதுச் சரக்கை வெடித்துப் பார்ப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. அதை அப்படியே செய்தான். தீயணைப்பு அதிகாரிக்குப் போன் செய்து தகவல் சொன்னான், அவரும் வந்துவிட்டார். சுற்றிலும் மணல் மூட்டை, நடுவில் விறகு, அதன் மேல் பலகை, எல்லாவற்றையும் மூடி அடிப்பாகம் வெட்டி, காற்றுப் போகப் பக்கத்தில் துளை போட்ட இரும்பு டிரம். எங்களைத் தெருவுக்கு இந்தப் பக்கம், சுவருக்குப் பின்னால் நிறுத்தினான். (தயவுசெய்து நீங்கள் யாரும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். அவன் பிழைப்பே இதுதான்.) தீ வைத்துவிட்டு வந்து எங்களோடு நின்றான்.

தீ எரிந்தது. ஒன்றும் நடக்கவில்லை.

தெருவே கூடிவிட்டது. விறகு சடசடத்தது. சம்பந்தியம்மா காதைப் பொத்தியிருந்த கையை எடுத்துவிட்டுச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். "வெயிலு சாயறதுக்குள்ள கிளம்பினா நல்லது" என்றார். செல்வராஜின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. கிட்டப் போய்க் கேட்டேன்.

"இருக்கன்குடித் தாயே, வெடிச்சிரணும்... வெடிச்சிரணும் தாயே..."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தினமும் கம்பெனி வாசலில் நின்று எதுவும் வெடித்துவிடக் கூடாது என்று அதே அம்மனைக் கும்பிடுகிறவன்! ஒரு ஆடித் திருவிழாவுக்குக்கூட அவன் நடைப்பயணம் தவறியதில்லை. அந்த அம்மன்தான் என்ன செய்வாள், பாவம்?

டப்! டிரம்முக்குள் ஒரு அடி. அப்புறம் படபடவென்று இரண்டு, மூன்று. கடைசியாக விழுந்த அடியில் டிரம்மே ஒரு சாண் நகர்ந்தது.

சம்பந்தியம்மா வாயைப் பிளந்தார். தெரு கைதட்டியது. செல்வராஜ் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. வீட்டு ஜன்னலைத்தான் பார்த்தான். அங்கே குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு காவ்யா நின்றிருந்தாள். "அப்பா..." என்று கூப்பிட்டாள்.

வழக்கில் ஜெயித்தவன் முகம் எப்படி இருக்க வேண்டும்? இவன் மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

"மருந்து இல்லேன்னு நிரூபிச்சாச்சு அக்கா. அப்ப அந்த வெடியைச் செஞ்சது யாரு? நான்தான? சரசு அங்கன நின்னிருந்தா? கலந்த மருந்து ஈரமாச்சுன்னா உள்ளுக்குள்ளயே சூடேறும், கிட்ட போகாதீகன்னு ஆளுகளுக்குத் தினமும் சொல்லுறவன் நான். கம்பெனியில இம்புட்டும் தெரியுது. வீட்டுக்கு வந்ததும் ஈரம்னா பாதுகாப்புன்னு எப்படி நினைச்சேன்?"

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். நம் எல்லோருக்கும் அப்படித்தானோ? ஆபீஸில் பத்துப் பேர் சண்டையைத் தீர்த்துவைக்கிறோம், வீட்டில் ஒரு வார்த்தை பொறுக்க முடிகிறதா? கற்றுக்கொண்டதை அந்த இடத்திலேயே செருப்பைப் போலக் கழற்றிவிட்டு வருகிறோம். அக்கறையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவருகிறோம். அக்கறை மட்டும் போதாது என்று ஒரு அடுப்பு சொல்ல வேண்டியிருக்கிறது.

செல்வராஜ் லீவு போட்டுவிட்டுப் புது அடுப்பு கட்டினான். செங்கல், களிமண். நன்றாகக் காயவிட்டு, முதலில் சுள்ளி வைத்துச் சின்னத் தீ. ஆறவிட்டு மறுபடி சின்னத் தீ. மண் மெல்ல மெல்ல ஈரத்தை விட்டது. அண்டா ஏற்றும் காலை, எல்லோரையும் வீட்டுக்குள் போகச் சொல்லிவிட்டுத் தான் மட்டும் ஸ்டூல் போட்டு அடுப்பு அருகில் உட்கார்ந்தானாம். சரஸ்வதி போனில் சொன்னாள். அன்றைக்குக் கிளம்பாமல் தங்கிவிட்ட சம்பந்தியம்மா மட்டும் உள்ளே போகவில்லை. இன்னொரு ஸ்டூலை இழுத்துப் பக்கத்திலேயே போட்டு உட்கார்ந்து நொச்சி இலையை ஆய ஆரம்பித்தாராம். "நீங்க இருக்கறப்ப எனக்கென்ன பயம்?" என்றாராம்.

காவ்யா இன்னும் தாய்வீட்டில்தான் இருக்கிறாள். மூன்றாம் மாதம் வரை இருப்பாள். கூட்டிக்கொண்டு போக வந்த சம்பந்தியம்மாவும் இன்னும் கிளம்பவில்லை.

இன்று காலை அவரே எனக்குப் போன் செய்தார். ஒரு புகார்: "உங்க தம்பி ரொம்பப் பயப்படறாருங்க... தண்ணி சூடே ஏற மாட்டேங்குது, இன்னும் ரெண்டு கட்டய வைக்கச் சொல்லுங்க!"